நாற்பது பேரும் நாற்பத்தோராவது இருமலும்

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பருத்திவிளை மூலிகை ஆய்வு நிலையத்தின் நீளக் கூடத்தில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொம்பையாவின் இருமல் அவரை விட்டு இறங்கி, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய், ஜன்னலோரம் நின்று இருமியது. கொம்பையா வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். முப்பத்தோரு வருஷம் பஞ்சாலையில் பொதி பிரிக்கிற அறையில் தூசியோடு தூசியாக நின்று சம்பாதித்த இருமல் அது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியதுபோல இருக்கும், கடைசியில் ஒரு சின்ன விசில் வரும். அந்த விசில் இப்போது ஜன்னல் பக்கமிருந்து வந்தது. கொம்பையா திரும்பிப் பார்த்து, "அங்கன என்னல சோலி ஒனக்கு?" என்று கேட்டார். இருமல் காதில் வாங்காமல் வெளியே வேடிக்கை பார்த்தது.

நாங்கள் யாரும் இதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நாற்பத்தெட்டு நாள் விடாமல் அந்தக் கசப்பைக் குடித்தால் உடம்புக்குள் எதுதான் தங்கும், இருமலுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா என்று பேசிக்கொண்டோம். ஆடாதோடை இலையின் கசப்பை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆடுகள் சினிமா போஸ்டரைத் தின்னும், தேர்தல் நோட்டீஸைத் தின்னும், ஒருமுறை தபால்காரரின் பையில் பாதியைத் தின்றுவிட்டு மீதிக்குக் காத்து நின்றன. அப்பேர்ப்பட்ட ஆடுகள் ஆடாதோடைச் செடியை முகர்ந்து பார்த்துவிட்டு, இதையெல்லாம் யாராவது வளர்ப்பார்களா என்பதுபோல நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும்.

அந்த இலையைத்தான் டாக்டர் உலகம்மை ஒன்பது வருஷமாகக் காய்ச்சியும் வடித்தும் உலர்த்தியும் பொடித்தும், அதில் எந்தச் சத்து சளியை இளக்குகிறது, எந்தச் சத்து மூச்சுக்குழாயை விரிக்கிறது என்று கண்ணாடிக் குழாய்களில் தேடிக்கொண்டிருந்தார். அவரும் இந்த ஊர்ப் பெண்தான். அவருடைய அப்பா ஆவுடையப்பன் அதே பஞ்சாலையில் ஃபிட்டர், அவருக்கும் இருமல் உண்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று, சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று இருமிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அந்த மூன்று இருமலுக்குள், ரசாயனப் புத்தகத்தின் மேல் விரித்து வைத்திருந்த வாரப்பத்திரிகையை உலகம்மை புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, உதட்டை அசைத்துப் பாடம் படிக்கிற பாவனைக்கு வந்துவிடுவார். ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. மூன்றாவது இருமலை ஆவுடையப்பன் அவ்வளவு நீட்டியது நோயினால் அல்ல, மகளுக்கு நேரம் கொடுக்கத்தான். இது தெருவுக்கே தெரியும், மகளுக்கும் தெரியும், தெரிந்ததாக இரண்டு பேருமே காட்டிக்கொண்டதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆவுடையப்பன் படுத்த படுக்கையானபோது, படித்து முடித்து வந்திருந்த மகள் தன் கையாலேயே ஆடாதோடை இலையைப் பறித்துக் காய்ச்சி ஒரு மண்டலம் கொடுத்தார். நாற்பத்தெட்டாவது நாள் இருமல் நின்றது. அடுத்த வாரம் அவர் இறந்துபோனார். துட்டி கேட்க வந்தவர்கள், "இலை வேல செஞ்சிருக்கு தாயி, கடைசி ஒரு வாரமாவது நிம்மதியா மூச்சு விட்டாரு" என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டரோ, "இருமுறதுக்குத் தெம்பு இல்லம்மா, அதான் நின்னுருச்சு" என்றார். இரண்டில் எது? அந்த ஒரு கேள்விக்காகத்தான் உலகம்மை கல்யாணத்தையும் வெளிநாட்டு வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த ஊரிலேயே இலை காய்ச்சிக்கொண்டிருந்தார் என்பதை நாங்கள் அறிவோம். ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் வேறு என்னென்னவோ காரணங்கள் எழுதியிருந்தார், அது அறிக்கை.

ஆய்வு எளிமையானதுதான். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாற்பது பேர், தினமும் காலை ஒன்பது மணிக்குக் கூடத்துக்கு வந்து ஒரு டம்ளர் குடிநீர் குடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். கூரையில் தொங்குகிற ஒரு கறுப்பு மிஷின் அங்கே கேட்கிற இருமல்களை எண்ணும். மிஷினை நம்பாமல் லேப் டெக்னீசியன் ஞானதிரவியம் மூலையில் உட்கார்ந்து, யார் யார் இருமல் என்று தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணுவார். குறைந்தால் இலை ஜெயித்தது, குறையாவிட்டால் தோற்றது.

அந்த வாரம் முடிவதற்குள் நாற்பது பேரின் இருமல்களும் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. நாற்பது பேரும் நன்றாகத் தூங்கினார்கள், மாடிப்படி ஏறினார்கள், ஒருவர் இந்த வயதில் சைக்கிளில் கையை விட்டு ஓட்டிக் காட்டிச் சாக்கடைக்குள் விழுந்தார். ஆனால் இறங்கிய இருமல்கள் எங்கேயும் போய்த் தொலையவில்லை. அவற்றுக்கு உருவம் கிடையாது, இருந்தாலும் எது எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது, கோழிகள்கூட ஒதுங்கி வழிவிட்டன. மத்தியானத்துக்கு மேல் ஊரைச் சுற்றும், மறுநாள் காலை ஒன்பது மணி ஆனதும் பழக்கதோஷத்தில் வரிசையாகக் கூடத்துக்கு வந்து, அவரவர் இடத்துக்குப் பக்கத்தில் நின்று இருமும். கறுப்பு மிஷினுக்கு வாயும் தெரியாது ஆளும் தெரியாது. முதல் நாள் ஆயிரத்து முந்நூறு என்று எண்ணியது, ஐம்பத்தைந்தாவது நாளும் ஆயிரத்து முந்நூறு என்றே எண்ணியது.

"மேடம், இன்னொண்ணும் இருக்கு" என்றார் ஞானதிரவியம், நோட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு. "ஆளு நாப்பது. இருமலு நாப்பத்தொண்ணு வருது."

"எண்ணத் தெரியலன்னா சொல்லுங்க, வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

"நானும் மூணு நாளா எண்ணுதேன் மேடம். ஒண்ணு கூடத்துக்குள்ளயே வரமாட்டேங்குது. வெளிய, வாசலுக்கு முன்னால உள்ள ஆடாதோடைச் செடிக்குப் பக்கத்துலயே நிக்குது. யாருதுன்னும் தெரியல."

உலகம்மை அந்த நாற்பத்தோராவது வரிசையை ரப்பரால் அழித்தார். ஞானதிரவியம் மறுநாளும் எழுதினார். அவரும் மறுநாளும் அழித்தார். அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டை விழுகிற அளவுக்கு வந்துவிட்டது.

டாக்டரம்மாவின் கவலை அது என்றால், எங்கள் கவலை வேறு. பருத்திவிளையில் இருமல் என்பது வெறும் நோய் இல்லை, அது எங்கள் கதவு, தாழ்ப்பாள், காலிங்பெல் எல்லாம். மாமனார் அடுக்களைப் பக்கம் வருகிறார் என்றால் இருமுவார், மருமகள் பேச்சை மாற்றிக்கொள்வாள். கடன் கேட்க வந்தவர் இருமுவார், வீட்டுக்காரர் கொல்லைப்புறம் போய்விடுவார். பெரிய மனிதர் முன்னால் இருமாமல் போய் நிற்பதைப் போல மரியாதைக் கேடு வேறில்லை. இப்படி ஒருவருக்கொருவர் கையும் களவுமாக மாட்டிக்கொள்ளாமல் காலம் காலமாக மானத்தோடு வாழ்ந்து வந்த ஊர், திடீரென்று நாற்பது பேர் பூனை மாதிரி நடமாடத் தொடங்கியதும் ஆட்டம் கண்டுவிட்டது. போலியாக இருமலாமே என்று கேட்பீர்கள். முயற்சி செய்தார்கள். இலை அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது, தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

அதிலும் பொதுக் குளியல் அறை இருக்கிறதே, அதற்கு வாசலில் ஒரு சாக்குப் படுதா மட்டும்தான். உள்ளே ஆள் உண்டு என்பதற்கு அடையாளமே இருமல்தான். முதல் வாரத்திலேயே ஏழு விபத்துகள் நடந்தன, ஊரில் ரகசியம் என்று ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அந்த வாரத்தோடு அதுவும் போயிற்று. மகளிர் குழு கூடி யோசித்து, நூல் சுற்றும் பிரிவில் இருந்த சொர்ணத்தின் இருமல் அடக்கமானது, குணமானது என்று தேர்ந்தெடுத்து, அதைப் படுதாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அதுவும் கடமை தவறாமல் இருமியது. உள்ளே ஆள் இருந்தாலும் இருமியது, இல்லாவிட்டாலும் இருமியது. அன்று மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை பதினோரு பேர் தோளில் துண்டோடும் கையில் சோப்பு டப்பாவோடும், உள்ளே இருக்கிறவர் எப்போது வெளியே வருவார் என்று காலிக் குளியல் அறைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர், மேடையில் பேசுமுன் கம்பீரமாக இருக்கட்டும் என்று பழைய வாட்ச்மேனின் இருமலை இரவல் வாங்கிப் போனார். அது அவர் வாக்குறுதி கொடுக்கிற இடத்திலெல்லாம் சரியாக இருமியது, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொம்பையாவின் கதை இன்னும் மோசம். அவர் மனைவி முப்பிடாதிக்குக் கண்ணில் புரை, ஆளை இருமலை வைத்துத்தான் அறிவாள். சாயங்காலம் நாலு மணிக்கு இருமல் நேராக வீட்டுக்குப் போய்விடும், விசில் சத்தம் கேட்டதும் முப்பிடாதி கருப்பட்டிக் காப்பியை ஆற்றி வாசலில் வைத்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்லத் தொடங்கிவிடுவாள். அரைமணி கழித்துக் கொம்பையா சத்தமில்லாமல் நுழைந்தால், திருடன் என்று முறத்தைத் தூக்கி எறிவாள்.

"ஏளா, நாந்தான்."

"நீங்க எப்பமோ வந்தாச்சுல்லா. காப்பி வச்சிருக்கேன் பாருங்க."

"அது நான் இல்ல, என் இருமலு."

"ரெண்டும் ஒண்ணுதான். அதுவாவது சொல்லிட்டு வந்துச்சு."

கொம்பையா ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டு தன் இருமலை முறைத்துப் பார்ப்பார். அது வீட்டு ஆள் மாதிரி முப்பிடாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இப்படியே ஒருமாதிரி பழகிக்கொண்டு வந்த சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆய்வின் எண்ணிக்கை குறையவில்லை, பேராசிரியர் சாரநாதன் நேரில் வருவார், ஒரு முற்பகல் உட்கார்ந்து கேட்பார், அப்போதும் குறையாவிட்டால் ஆய்வை மூடும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார், செடிகள் இருக்கிற இடத்தில் வாகனம் நிறுத்தக் கொட்டகை வரும். உலகம்மை எங்களைக் கூட்டி வைத்து அதை வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் கடிதத்தை நாலாக மடித்தார்.

"ஒரே ஒரு நாள்" என்றார். "ஒங்க ஒங்க இருமல வீட்டுலயே விட்டுட்டு வாங்க. எனக்காக. எங்கப்பாவுக்காகன்னுகூட வச்சிக்கிடுங்க."

நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்தோம். முப்பிடாதி கொம்பையாவின் இருமலைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பதாக வாக்குக் கொடுத்தாள். அன்றைக்கு இருந்த ஒற்றுமை எங்கள் ஊரில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கவில்லை.

பேராசிரியர் ஒரு புதன்கிழமை வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. கூடத்தில் உட்கார்ந்தார், மிஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொன்னார், கதவைத் திறக்கச் சொன்னார். இங்கேதான் நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம், வேறு எந்த ஊர்க்காரனும் செய்யமாட்டான். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார், அவர் முன்னால் ஒரு சின்ன இருமல்கூட இல்லாமல் திருடன்போல நுழைவதா என்று கொம்பையாவுக்கு மனது கேட்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது பேரும் வீட்டில் விட்டுவிட்டுத்தானே வருவார்கள், என்னுடைய ஒன்று மட்டும் மரியாதைக்கு ஒரு தடவை இருமிவிட்டுப் போகட்டுமே என்று நினைத்து, முப்பிடாதி அசந்த நேரம் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மற்ற முப்பத்தொன்பது பேரும் அதையேதான் நினைத்திருந்தார்கள்.

நாற்பது இருமல்களும் பெரிய மனிதரைக் கண்ட உற்சாகத்தில் ஒரே நேரத்தில் மரியாதை செய்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கறுப்பு மிஷின் ஒருமணி நேரத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. உலகம்மை எங்களை ஒரு பார்வை பார்த்தார், நாங்கள் தரையைப் பார்த்தோம். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

ஆனால் அவர் சுலபமாக விடுகிற ஆள் இல்லை. "சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றவர், குடத்தைக் கொண்டுவரச் செய்து, நாற்பது பேர் வாயிலும் தண்ணீரை ஊற்றி, முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது என்று மிரட்டினார். நாற்பது கிழங்களும் கன்னத்தை உப்பிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர்களைச் சுற்றிக் கூடம் முழுக்க இருமல் இடிபோல முழங்கிக்கொண்டே இருந்தது. பேராசிரியர் எழுந்து ஒவ்வொரு கன்னமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சொர்ணத்தின் கன்னத்தைப் பேனாவால் லேசாகத் தொட்டுக்கூடப் பார்த்தார். சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருந்தாலும் அடக்கிக்கொண்டாள்.

"புரியுதும்மா" என்றார் அவர். "இவங்க யாரும் இருமல. ஆனா படிவத்துல வாய்க்குன்னு ஒரு கட்டம் இல்லையே. கேக்குற சத்தத்தைத்தான் எழுத முடியும்." பிறகு ஞானதிரவியத்தின் நோட்டைப் புரட்டினார், தேய்ந்து ஓட்டையான இடத்தில் விரலை வைத்தார். "இதுக்கு என்ன பதில்? நாப்பது பேரு, நாப்பத்தொரு இருமல். இவங்களோட இருமல் தனியா நிக்குதுன்னே வச்சுப்போம். கணக்கு சரியா வந்தா நான் மேல பேசிப் பாப்பேன். எண்ணிக்கையே தப்பா இருந்தா நான் எதை நம்புறது? மன்னிச்சிடுங்கம்மா." அவர் மூடும் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, மூன்று பேனாக்களில் ஒன்றைத் திறந்து உலகம்மையிடம் நீட்டினார்.

உலகம்மை பேனாவை வாங்கினார். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைத் தேடினார். கொம்பையா வாய்த் தண்ணீரை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"அய்யா, எண்ணிக்க சரியா தப்பான்னு இப்பமே பாத்துருவோம். அவன் அவன் இருமல அவன் அவன் கூட்டிட்டு வெளிய போறோம். ஒண்ணொண்ணா எண்ணிக்கிடுங்க." ஜன்னல் பக்கம் திரும்பி, "வால, போவோம்" என்றார். இருமல் மரியாதைக்குக் கடைசியாக ஒருமுறை விசிலடித்துவிட்டு அவர் பின்னாலேயே போயிற்று. ஞானதிரவியம், "ஒண்ணு" என்றார்.

அப்படியே ஒவ்வொருவராக எழுந்து, ஒவ்வொரு இருமலாக அழைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய்த் தெருவோரம் நின்றார்கள். சொர்ணத்தின் இருமல் போவதற்கு முன்னால் பேராசிரியரிடம் அடக்கமாக விடைபெற்றது. ஞானதிரவியம் முப்பத்தொன்பது என்றார், நாற்பது என்றார். கூடம் காலியாயிற்று. ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கூடத்தில் அப்படியொரு அமைதி இருந்ததில்லை, மிஷின்கூட எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் நின்றது.

"நாப்பது சரி" என்றார் பேராசிரியர். "அப்ப அந்த நாப்பத்தொண்ணு?"

அப்போது முன்வாசலுக்கு வெளியே, ஆடாதோடைச் செடிகளின் பக்கமிருந்து, சின்னதாக இரண்டு இருமல் கேட்டது. பிறகு நீளமாக ஒன்று.

நாற்பத்து மூன்று வயது டாக்டர் உலகம்மையின் கை அவரைக் கேட்காமலேயே பாய்ந்தது. மேஜைமேல் இருந்த மூடும் படிவத்தை இழுத்து, பக்கத்தில் கிடந்த தடித்த ரசாயனப் புத்தகத்துக்கு அடியில் தள்ளி, புத்தகத்தைப் பிரித்து வைத்து, முதுகை நிமிர்த்தி, உதட்டை அசைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்னம்மா, எதுக்கு அதை மறைக்கிறீங்க?" என்றார் பேராசிரியர்.

"அப்பா வர்றாங்க சார்" என்றார் உலகம்மை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்து அழுகையை அங்கேயே அழுது தீர்த்தார். "தெம்பில்லாம நிக்கல சார். எறங்கிப் போயிருக்கு. இலை வேலை செஞ்சிருக்கு."

வெளியே நின்ற இருமல் உள்ளே வரவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் கொடுப்பதுபோல மூன்றாவதை இன்னொருமுறை நீட்டி இருமியது. பேராசிரியர் சாரநாதன் என்ன நினைத்தாரோ, நாற்காலியை விட்டு எழுந்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, வாசலைப் பார்த்து நின்றார். பிறகு ஞானதிரவியத்தின் நோட்டை வாங்கி, ஓட்டை விழுந்த இடத்துக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: நாற்பத்தொன்று, ஆவுடையப்பன், ஃபிட்டர், குணம்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. மூடும் படிவம் கிடைத்தால்தான் ஆய்வை மூட முடியும் என்பது மேலிடத்து விதி. அவர்களும் மாதாமாதம் கடிதம் போட்டுக் கேட்கிறார்கள், டாக்டரம்மாவும் தேடிக்கொண்டிருப்பதாக மாதாமாதம் பதில் எழுதுகிறார். படிவம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அந்தப் புத்தகத்தைத் தூக்கப் போகிற சமயங்களில் மட்டும் வாசலில் யாரோ இருமுகிறார்கள்.